பேரிக்காய் ராஜாவின் குடிகள்

புதுச்சேரியில் கரையாம்புத்தூர்ப் பக்கம் வயல் வரப்பில் நின்றுகொண்டு ஒற்றைப் பனை ஒன்றைக் கூர்ந்து பாருங்கள். மரம் இருக்கிறது. அதன் பின்னால் வானம் இருக்கிறது. மரம் முடிந்து வானம் தொடங்கும் இடத்தில் கறுப்பாக ஒரு கோடு ஓடுகிறதா? இல்லை. ஒரு நிறம் முடிகிறது, இன்னொரு நிறம் தொடங்குகிறது, அவ்வளவுதான். உலகத்தில் எந்தப் பொருளுக்கும் ஓரத்தில் கோடு போட்டிருப்பதில்லை. ஆனால் மூன்றாம் வகுப்புப் பிள்ளை சிலேட்டில் நெட்டையாக இரண்டு கோடு இழுத்து, உச்சியில் நாலைந்து கீற்று விரித்துவிட்டால், பார்க்கிற எவரும் பனை என்றுதான் சொல்வார்கள். இல்லாத ஒன்றைக் கொண்டு இருக்கிற ஒன்றைக் காட்டிவிட முடிகிறது. கார்ட்டூன் என்கிற கலை முழுவதும் இந்த விந்தையின் மேல்தான் நிற்கிறது.

சின்ன வயதிலிருந்து படம் பார்த்துப் பழகியதால்தான் நமக்குக் கோடு புரிகிறது என்று நினைக்கத் தோன்றும். அது சரிதானா என்று ஜூலியன் ஹாக்பெர்க், வர்ஜீனியா புரூக்ஸ் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் சோதித்துப் பார்த்து 1962-இல் எழுதினார்கள். ஒரு குழந்தையைப் பத்தொன்பது மாதம் வரைக்கும், முடிந்தவரை படமே கண்ணில் படாமல் வளர்த்தார்கள். சாமான்களையும் விளையாட்டுப் பொருள்களையும் கையில் கொடுத்து அவற்றின் பெயரைச் சொல்லிக்கொடுத்தார்கள். தப்பித் தவறிக் கண்ணில் பட்ட படத்தைக் காட்டி ‘இது இன்னது’ என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. அதன்பிறகு செருப்பு, சாவி, பொம்மை, கார் இவற்றைக் கோட்டுப் படமாக வரைந்து காட்டினார்கள். குழந்தை பெயர் சொன்னது. கோட்டைப் படிக்க அதற்கு யாரும் பாடம் நடத்தியிருக்கவில்லை.

ஏன் இப்படி என்பதற்கான விடையின் ஒரு பகுதி, அதற்குச் சில ஆண்டுகள் முன்னாலேயே ஒரு பூனையின் மூளையில் கிடைத்திருந்தது. டேவிட் ஹியூபல், டார்ஸ்டன் வீசல் என்ற இருவர், பூனையின் பின்மண்டையில் பார்வைக்கு உரிய பகுதியில் நுண்ணிய மின்முனையைச் செருகி, ஒற்றைச் செல் எதைக் கண்டால் விழித்துக்கொள்கிறது என்று தேடிக்கொண்டிருந்தார்கள். கண்ணாடித் தகட்டில் கறுப்புப் புள்ளி வைத்துக் காட்டினார்கள், வெள்ளைப் புள்ளி காட்டினார்கள். செல் அசைந்து கொடுக்கவில்லை. ஒரு தடவை தகட்டைக் கருவிக்குள் தள்ளும்போது திடீரென்று செல் படபடவென்று துடித்தது. புள்ளியைப் பார்த்து அல்ல. தகட்டின் விளிம்பு திரையில் போட்ட மெல்லிய நிழலைப் பார்த்து. அந்த நிழல் ஒரு கோடு. அதைச் சற்றுச் சாய்த்தால் இந்தச் செல் ஓய்ந்துவிடும், வேறொரு செல் பேசத் தொடங்கும். ஒவ்வொரு சாய்வுக்கும் தனித்தனிச் செல்கள் இருந்தன. 1981-இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இதன் பொருள் பெரியது. கண்ணுக்குள் வெளிச்சமாகவும் நிறமாகவும் வந்து கொட்டுகிற உலகத்தை, மூளை தன் முதல் படிகளிலேயே விளிம்புகளாகப் பிரித்து எடுத்துக்கொள்கிறது. பனைக்கும் வானுக்கும் இடையில் கோடு இல்லை. நம் தலைக்குள் இருக்கிறது. ஓவியர் தாளில் கோடு போடும்போது மூளை செய்ய வேண்டிய வேலையில் பாதியை முன்கூட்டியே முடித்துக் கையில் கொடுத்துவிடுகிறார். அதனால்தான் நல்ல கார்ட்டூன் பார்த்த கணத்தில் பிடிபடுகிறது.

முகத்துக்கு வரும்போது விந்தை இன்னும் கூடுகிறது. இரண்டு புள்ளி, கீழே ஒரு வளைவு, சுற்றி ஒரு வட்டம்: முகம் ஆகிவிட்டது. புது வீடு கட்டும்போது முன்னால் கட்டித் தொங்கவிடும் திருஷ்டிப் பூசணிக்காயை எண்ணிப் பாருங்கள். உருட்டு விழி, முறுக்கு மீசை, வரிசைப் பல். காயில் சுண்ணாம்பும் கரியும் தவிர வேறொன்றும் இல்லை; தெருவில் போகிற குழந்தை பயந்து அம்மா புடவைக்குள் ஒளிகிறது. முகம் தேடும் வேலைக்கென்று நம் மூளையின் அடிப்புறத்தில் தனிப் பகுதியே உண்டு. அது எந்நேரமும் விழித்திருக்கிறது. சுவரின் காரை பெயர்ந்த இடத்திலும் டவுன் பஸ்ஸின் முன்பக்கத்திலும்கூட அதற்கு முகம் தெரிகிறது.

ஆனால் ‘இது முகம்’ என்பது வேறு, ‘இது இன்னார் முகம்’ என்பது வேறு. எல்லோருக்கும் இரண்டு கண், ஒரு மூக்கு, ஒரு வாய். ஆயிரம் பேர் கூடும் திருவிழாவில் நம் சித்தப்பாவை எப்படிக் கண்டுபிடிக்கிறோம்? இங்கேதான் கார்ட்டூன்காரர்கள் விஞ்ஞானிகளுக்கு முன்னால் போய்விட்டார்கள் என்று நான் நினைக்கிறேன்.

சூசன் பிரென்னன் என்ற பெண்மணி 1980-களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் மாணவியாக இருந்தபோது, கேலிச்சித்திரம் வரையும் கணினி நிரல் ஒன்றை எழுதினார். அது செய்தது இதுதான். பல முகங்களின் அளவுகளைச் சேர்த்து ஒரு சராசரி முகத்தை வைத்துக்கொள்ளும். ஒரு குறிப்பிட்ட ஆளின் முகத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட புள்ளிகளைக் குறித்து, ஒவ்வொன்றும் சராசரியிலிருந்து எந்தப் பக்கம், எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்க்கும். பிறகு அந்த விலகலை மட்டும் பெருக்கும். மூக்கு சராசரியைவிடக் கொஞ்சம் நீளமாக இருந்தால் இன்னும் நீளும். கண்கள் கொஞ்சம் நெருங்கியிருந்தால் இன்னும் நெருங்கும். சராசரியாக இருப்பதை நிரல் தொடவே தொடாது. ஆளைப் பார்த்துச் சிரிக்கத் தெரியாத கணினி, ஆளைப் பார்த்தவர் சிரிக்கும்படி வரைந்துவிட்டது.

இந்த நிரலைக் கொண்டு ஜில்லியன் ரோட்ஸ் என்ற உளவியலாளரும் பிரென்னனும் சூசன் கேரியும் செய்த ஆய்வு 1987-இல் வந்தது. தெரிந்தவர்களின் முகங்களை மூன்று வகையாகக் கோட்டில் வரைந்தார்கள்: உள்ளது உள்ளபடி ஒன்று, விலகலைப் பெருக்கி ஒன்று, விலகலைக் குறைத்துச் சராசரிப் பக்கம் இழுத்து ஒன்று. எதைப் பார்த்து ஆளை விரைவில் அடையாளம் சொன்னார்கள்? பெருக்கி வரைந்ததைத்தான். உள்ளபடி வரைந்தது அதற்கு அடுத்தபடி. சராசரிப்பட்டது கடைசி. அச்சு அசலாக அவரைப்போலவே இருக்கும் படம் எது என்று கேட்டபோதும் விடை உள்ளபடி வரைந்த படத்தில் விழவில்லை. சுமார் 16 சதவீதம் மிகைப்படுத்திய படத்தின் பக்கம் சாய்ந்தது. உண்மையை அப்படியே தருவதைவிடக் கொஞ்சம் கூட்டித் தந்தால்தான் மூளை ‘ஆமாம், அவரேதான்’ என்கிறது.

ஆய்வுக்கூடத்துக்கு வெளியே இதற்கு 1876-லேயே சாட்சி உண்டு. நியூயார்க் நகரத்தின் பணத்தைச் சூறையாடிய வில்லியம் டுவீட் என்ற அரசியல் தலைவர் சிறையிலிருந்து தப்பி ஸ்பெயினுக்கு ஓடினார். அவரை ஸ்பெயின் அதிகாரிகள் அடையாளம் கண்டது தாமஸ் நாஸ்ட் வரைந்த கார்ட்டூனை வைத்துத்தான்.

ஏன் மிகை உண்மையைவிட உண்மையாகத் தெரிகிறது? பறவைகளிடம் ஒரு தடயம் இருக்கிறது. ஹெர்ரிங் கடற்காக்கையின் மஞ்சள் அலகில் சிவப்பாக ஒரு புள்ளி இருக்கும். குஞ்சு அந்தப் புள்ளியைக் கொத்தினால் தாய் இரையைக் கக்கிக் கொடுக்கும். நிக்கோ டின்பெர்கன், அலகே இல்லாமல் வெறும் சிவப்புக் குச்சியில் மூன்று வெள்ளை வளையம் வரைந்து நீட்டிப் பார்த்தார். குஞ்சுகள் தாயின் தலையைக் கொத்துவதைவிட ஆவேசமாக அதைக் கொத்தின. அந்தக் குச்சி எந்தப் பறவையின் அலகைப் போலவும் இல்லை. ஆனால் குஞ்சின் மூளை எதைத் தேடுகிறதோ அது அலகைவிடக் குச்சியில் கூடுதலாக இருந்தது.

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு அமெரிக்காவில் மூளை ஆய்வில் பேர் பெற்ற நம் வி.எஸ். ராமச்சந்திரன், வில்லியம் ஹிர்ஸ்டைனோடு சேர்ந்து 1999-இல் எழுதிய கட்டுரையில் இதைக் கலைக்கே பொருத்திப் பார்த்தார். சதுரம் வேறு, நீள்சதுரம் வேறு என்று எலிக்குப் பழக்கி, நீள்சதுரத்துக்கு மட்டும் தீனி கொடுத்தால், பிறகு தான் பழகிய நீள்சதுரத்தைவிட இன்னும் நீண்டு ஒடுங்கிய ஒன்றைத்தான் எலி அதிகம் நாடும். எலி கற்றது ஓர் உருவத்தை அல்ல, ஒரு திசையை. சோழர் காலப் பார்வதியின் செப்புச் சிலையில் அந்த இடையும் வளைவும் எந்தப் பெண்ணிடமும் காணமுடியாத அளவுக்குப் போயிருப்பதற்கும், கேலிச்சித்திரத்தில் மூக்கு நீள்வதற்கும் வேர் ஒன்றே என்றார் அவர். இதை எல்லாக் கலை விமர்சகர்களும் ஏற்கவில்லை. கலை முழுவதையும் ஒரே சூத்திரத்தில் அடைப்பது எனக்கும் உவப்பில்லை. ஆனால் கேலிச்சித்திரத்துக்கு மட்டும் அது கச்சிதமாகப் பொருந்துகிறது.

2009-இல் வந்த இன்னோர் ஆய்வு செல்லின் அளவிலேயே இதைக் காட்டியது. வின்ரிக் ஃப்ரைவால்ட், டோரிஸ் சாவ், மார்கரெட் லிவிங்ஸ்டன் ஆகியோர் குரங்குகளுக்குக் கார்ட்டூன் முகங்களையே காட்டினார்கள். முகத்தின் அகலம், கண்களின் இடைவெளி, விழியின் அளவு, புருவச் சாய்வு என்று 19 அம்சங்களை ஒவ்வொன்றாகக் கூட்டியும் குறைத்தும் பார்த்தார்கள். முகத்துக்கென்று உள்ள பகுதியில் ஒவ்வொரு செல்லும் இவற்றில் சிலவற்றை மட்டுமே கவனித்தது. பெரும்பாலான செல்கள் உச்சக்கட்டத் துடிப்பைக் காட்டியது நடுத்தர அளவுக்கு அல்ல, ஓர் எல்லைக்குப் போன அளவுக்கு: மிகப் பெரிய விழி, அல்லது மிக ஒடுங்கிய முகம். நெளிந்த கண்ணாடியில் தெரிவதுபோல ஆளைக் கெடுத்துக் காட்டுவதுதான் கேலிச்சித்திரம் என்று பலர் எண்ணுகிறார்கள். உள்ளபடி அது மூளை தனக்குள்ளே எழுதி வைத்திருக்கும் குறிப்புக்கு மிக அருகில் போகிற படம். நம் எல்லோருக்குள்ளும் ஒரு கார்ட்டூன்காரர் ஏற்கெனவே உட்கார்ந்து, பார்க்கிற ஒவ்வொரு முகத்திலும் எது வழக்கத்தை மீறியது என்று குறித்துக்கொண்டிருக்கிறார்.

இந்த அறிவு இந்த மண்ணுக்குப் புதிதல்ல. பாகூர், வில்லியனூர், கடலூர், விழுப்புரம் என்று விரியும் இந்தப் பகுதி தெருக்கூத்தின் தாய்மண். திரௌபதை அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும் இரவுகளில், மைக்கும் மின்விளக்கும் வராத காலத்தில், எண்ணெய்ப் பந்தத்தின் வெளிச்சத்தில், நூறடி தள்ளி மண்ணில் உட்கார்ந்திருப்பவருக்குத் துரியோதனன் துரியோதனனாகத் தெரிய வேண்டும். அதற்காகத்தான் அகன்ற கிரீடமும் புஜக்கட்டையும். மீசை காதுவரை ஏறுகிறது. புருவமும் விழியும் கறுத்துத் தடிக்கின்றன. அவற்றைச் சுற்றி வெள்ளைப் பொட்டுகள். அரிதாரம் பூசும் கலைஞர் முகத்தின் விலகலைத்தான் பெருக்குகிறார். நடுவில் கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் வந்து ராஜாவைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டே ஊர்க்கதையும் நாட்டு நடப்பும் பேசி வம்புக்கு இழுப்பான். கோட்டில் வருவதற்கு முன்னால் அரசியல் கார்ட்டூன் இங்கே அரிதாரத்திலும் பேச்சிலும் வந்துவிட்டது என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

ராஜா என்றதும் இன்னொரு ராஜா நினைவுக்கு வருகிறார். 1830 முதல் 1848 வரை கரையாம்புத்தூர்க் குடியானவர்களுக்கும் அவர்தான் ராஜா. அவர்களில் ஒருவரும் அவர் முகத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள். பெயர் லூயி பிலிப், பிரெஞ்சுக்காரர்களின் அரசர். புதுச்சேரி அவர் ஆட்சியில் இருந்தது. சதைப்பற்றுள்ள கன்னம், மேலே குறுகிக் கீழே பருத்த முகம். பாரிஸில் பத்திரிகை நடத்திய சார்ல் ஃபிலிப்போன் என்பவர் மேல் 1831-இல் அரசரை இழிவுபடுத்தினார் என்று வழக்கு வந்தது. அவர் நீதிமன்றத்தில் நான்கு படம் வரைந்து காட்டினார். முதலில் அரசரின் முகம். அடுத்ததில் கன்னம் கொஞ்சம் தொங்கியது. மூன்றாவதில் முகத்தின் மேல் பாதி சுருங்கியது. நான்காவது வெறும் பேரிக்காய். முதல் படம் குற்றமென்றால் அதைப்போல இருக்கும் இரண்டாவதும் குற்றம், அப்படியானால் மூன்றாவதும், அப்படியானால் பேரிக்காயும் குற்றம்; உலகத்திலுள்ள எல்லாப் பேரிக்காயையும் சிறையில் போடுவீர்களா என்பதுதான் வாதம்.

அந்த நான்கு படங்களும் பிரென்னனின் நிரல் செய்ததையேதான் செய்கின்றன, ஒன்றரை நூற்றாண்டு முன்னதாக: விலகலை எடு, படிப்படியாகப் பெருக்கு. நீதிபதிகள் மசியவில்லை. ஆறு மாதச் சிறையும் 2,000 ஃபிராங்க் அபராதமும் விதித்தார்கள். ஆனால் படம் வெளியேறிவிட்டது. பாரிஸ் தெருச் சுவர்களில் பையன்கள் கரிக்கட்டியால் பேரிக்காய் வரைந்தார்கள். எழுதத் தெரியாதவரும் வரையலாம், படிக்கத் தெரியாதவருக்கும் புரியும். அடுத்த ஆண்டு ஓனோரே டோமியே என்ற ஓவியர் சிறைக்குப் போனார். அரசரைப் பெருந்தீனிக்காரப் பூதமாக வரைந்து, ஏழைகளின் காசு பலகைவழியே ஏறி அவர் வாய்க்குள் விழுவதாகக் காட்டியிருந்தார்.

1835-இல் பிரெஞ்சு அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. எழுத்தை முன்கூட்டியே தணிக்கை செய்யமாட்டோம். படத்தை மட்டும் வெளியிடுவதற்கு முன் அனுமதி வாங்கவேண்டும். எழுத்து கருத்து மட்டுமே, படம் கண்ணோடு பேசுவதால் அது செயலுக்குச் சமம் என்பது ஆட்சியாளர்கள் சொன்ன காரணம். அதிகாரத்தில் இருப்பவர்கள் மூளையியல் படிக்கவில்லை. ஆனால் படம் எவ்வளவு விரைவாக, எவ்வளவு பேருக்குள், அனுமதி கேட்காமல் நுழைகிறது என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. இடையில் சில ஆண்டுகள் தளர்ந்தாலும், படத் தணிக்கை முடிவாக ஒழிந்தது 1881 ஜூலை 29-இல் வந்த பத்திரிகைச் சுதந்திரச் சட்டத்தால்தான். அச்சட்டத்தின் பின்பகுதியில் ஒரே வரியில் ஒரு பிரிவு உண்டு: இது அல்ஜீரியாவுக்கும் குடியேற்ற நாடுகளுக்கும் செல்லும். அந்த ஒரு வரியால் புதுச்சேரியும் அதற்குள் வந்தது.

தமிழ்க் கருத்துப்படம் பிழைத்தது அந்த ஒரு வரியால் என்றே நான் நம்புகிறேன்.

1906-இல் சென்னையில் தொடங்கிய ‘இந்தியா’ வார இதழில் சுப்பிரமணிய பாரதி அரசியல் கருத்துப்படங்களை வெளியிட்டார். தமிழ் இதழியலில் அதற்கு முன்னோடி அவர்தான். நாட்டில் நூற்றில் ஐந்தாறு பேருக்கே எழுதப் படிக்கத் தெரிந்த காலம் அது. ஒருவர் படிக்க ஊரே சுற்றி உட்கார்ந்து கேட்கும் பத்திரிகையில், கேட்கிறவர்கள் எட்டிப் பார்க்கவும் ஒன்று வேண்டும் அல்லவா? அச்சுமுறையும் இதற்கு ஒத்துழைத்தது. ஈய எழுத்துகளைக் கோத்து அச்சடிக்கும் எந்திரத்துக்குச் சாம்பல் நிறம் தெரியாது. மை ஒட்டும் இடம், ஒட்டாத இடம், இரண்டுதான். கோட்டுப்படம் அதற்கென்றே பிறந்ததுபோல் இருந்தது. படக்கட்டையை எழுத்துகளுக்குப் பக்கத்திலேயே பூட்டி ஒரே இழுப்பில் அடித்துவிடலாம்.

1908-இல் ஆங்கில அரசு இதழின்மேல் பாய்ந்தது. ஆசிரியர் என்று பதிவில் இருந்த சீனிவாசன் சிறைக்குப் போனார். பாரதி புதுச்சேரிக்கு வந்தார். அச்சு எந்திரமும் வந்தது. அந்த ஆண்டு அக்டோபரிலிருந்து ‘இந்தியா’ புதுச்சேரியிலிருந்து வெளிவந்தது, கருத்துப்படங்களோடு. பிறகு ‘விஜயா’ என்ற நாளிதழும் வந்தது. தன் மக்கள் சூழ நிற்கும் பாரத மாதாவை 1909-இல் ‘விஜயா’வின் முகப்பில் காண்கிறோம். ஒரு தேசத்துக்கு முகம் கொடுப்பதும் கார்ட்டூன் கலையின் வேலைகளில் ஒன்றுதான். கருத்துப்படத்துக்கென்றே ‘சித்திராவளி’ என்ற தனி இதழ் நடத்தவும் பாரதி திட்டமிட்டார். அது கைகூடவில்லை. ‘இந்தியா’வை ஆங்கில எல்லைக்குள் நுழையவிடாமல் தடுத்தார்கள், 1910 மார்ச்சோடு அது நின்றுபோயிற்று. அந்தப் படங்களை ஆ.இரா. வேங்கடாசலபதி தேடித் தொகுத்து ‘பாரதியின் கருத்துப்படங்கள்’ என்று 1994-இல் நூலாக்கினார். தமிழில் கார்ட்டூன் வரைய வருகிற எவரும் முதலில் புரட்ட வேண்டிய புத்தகம் என்று அதைச் சொல்வேன்.

பிரெஞ்சு எல்லை என்றால் ஒரே வேலியாக எண்ணிவிடக் கூடாது. புதுச்சேரி நிலம் ஒரே துண்டு அல்ல. பாகூர் வட்டத்துக் கரையாம்புத்தூர் போன்ற ஊர்களில் நாலு வயல் தாண்டினால் வேறு ஆட்சி. வரப்புக்கு இந்தப் பக்கம் அச்சடிக்கலாம், அந்தப் பக்கம் கையில் வைத்திருந்தாலே பிடிப்பார்கள். நிலத்தின்மேல் கண்ணுக்குத் தெரியாமல் ஓடிய அந்த எல்லைதான் பாரதியைப் பத்து ஆண்டு காத்தது. 1918 நவம்பரில் கடலூருக்குப் பக்கத்தில் அதைக் கடந்த உடனே கைது செய்து கடலூர்ச் சிறையில் அடைத்தார்கள்.

அதன்பிறகு தமிழில் கார்ட்டூன் வேறொரு வீட்டில் வளர்ந்தது. ‘ஆனந்த விகட’னில் மாலி என்ற டி.ஆர். மகாலிங்கம் சங்கீத வித்வான்களை வரைந்தார். கழுத்தைச் சாய்க்கும் தினுசு, கை எழும் கோணம், வாய் திறக்கும் அளவு; சில கோடுகளில் ஆளும் தெரியும், பாட்டும் கேட்கும். முகத்தின் விலகல் மட்டுமல்ல, உடம்பின் அசைவிலும் ஒருவர் மற்றவரிடமிருந்து விலகுகிறார் என்பதை அவர் கண்டுகொண்டிருந்தார். அவரிடம் பயின்ற இருவருக்கு அவர் சூட்டிய பெயர்கள்தான் சில்பி, கோபுலு. சில்பி கோயில் தூணின் ஒவ்வொரு சிற்பத்தையும் உள்ளபடி வரைந்து தந்தவர். கோபுலு எதை விடலாம் என்று தெரிந்தவர். ஒரு வார்த்தைகூட இல்லாமல் அவர் வரைந்த நகைச்சுவைப் படங்களில் சிரிப்பு இரண்டு புருவங்களுக்கு இடையில் நடந்துவிடும். ஒரே ஆசிரியரிடம் இப்படி இரண்டு வழி பிறந்தது தமிழ் ஓவியத்தின் பேறு. கடல் கடந்து இலங்கையில் சிவஞானசுந்தரம், ‘சிரித்திரன்’ சுந்தர் என்றே அறியப்பட்டவர், தன் ‘சிரித்திரன்’ இதழிலும் சவாரித்தம்பர் போன்ற பாத்திரங்களிலும் யாழ்ப்பாணத்து மனிதரை அவர் பேச்சோடும் நடையோடும் வரைந்து வைத்தார்.

அதிகாரத்தின் அச்சமும் மாறவில்லை. 1987-இல் ‘ஆனந்த விகடன்’ அட்டையில் சட்டமன்ற உறுப்பினரையும் அமைச்சரையும் கேலி செய்து ஒரு சிரிப்புப் படம் வந்தது. யாருடைய சாயலும் இல்லாத பொதுப்படம். அதற்காக ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குத் தமிழ்நாடு சட்டமன்றம் மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. நாடு முழுவதும் எழுந்த எதிர்ப்பில் சில நாளில் விடுதலை. பிறகு உயர் நீதிமன்றம் அந்தச் சிறைவைப்பு தவறென்று சொல்லி, இழப்பீடாக ஆயிரம் ரூபாய் தரச் சொன்னது.

இந்தக் கலைக்கு இருட்டுப் பக்கமும் உண்டு, அதுவும் அதே மூளையிலிருந்துதான் வருகிறது. விலகலைப் பெருக்க வேண்டுமானால் முதலில் ஒரு சராசரி வேண்டும். யாருடைய சராசரி? நம் தலைக்குள் இருக்கும் சராசரி முகம் நாம் வளர்ந்த இடத்தில் பார்த்த முகங்களால் ஆனது. வேற்று நாட்டாரை முதன்முதலில் பார்க்கும்போது எல்லோரும் ஒன்றுபோலத் தெரிவது இதனால்தான்; ஒவ்வொருவரும் தம் கூட்டத்தின் சராசரியிலிருந்து எப்படி விலகுகிறார் என்று நமக்கு அளக்கத் தெரியவில்லை. லண்டன் ‘பஞ்ச்’ இதழ் அயர்லாந்துக்காரர்களைக் குரங்கு முகத்தோடு வரைந்தது. நாஜிகளின் பத்திரிகைகள் யூதர்கள் எல்லோருக்கும் ஒரே மூக்கை மாட்டின. அங்கே பெருக்கப்பட்டது ஒரு மனிதரின் விலகல் அல்ல, ஒரு கூட்டத்தின்மேல் வைத்த வெறுப்பு. ஃபிலிப்போனின் பேரிக்காய் ஒரே ஒருவருக்குத்தான் பொருந்தும், அவரும் சிம்மாசனத்தில் உட்கார்ந்திருந்தவர். சாதியை, மதத்தை, நிறத்தை ஒரே முகமாக்கி வரைகிறவர் கைத்திறன் காட்டலாம். பார்த்து வரையவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

பார்ப்பதுதான் இதில் கடினமான வேலை, வரைவது அதற்கு அப்புறம். பள்ளியில் ஓவிய வகுப்பு என்றால் மலை, நடுவில் சூரியன், கீழே குடிசை என்று ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப வரைய வைக்கிறோம். அதற்குப் பதில் பிள்ளைகளைப் பக்கத்து பெஞ்சுக்காரரின் முகத்தை ஐந்து நிமிடம் பார்க்கச் சொல்லலாம். எல்லோருக்கும் இருப்பதுபோல் இருப்பது எது, இவளுக்கு மட்டும் இருப்பது எது என்று வாயால் சொல்லச் சொல்லலாம். முதலில் பொதுவான ஒரு முகம் போட்டு, அந்த ஓர் அம்சத்தை மட்டும் கொஞ்சம் நீட்டவோ குறுக்கவோ சொல்லலாம். எங்கே நிறுத்தினால் அவளாக இருக்கிறாள், எங்கே தாண்டினால் யாரோ ஆகிவிடுகிறாள் என்று வகுப்பே கத்திச் சொல்லிவிடும். கரையாம்புத்தூர்ப் பிள்ளையின் தலைக்குள் இருக்கும் சராசரி முகம் கரையாம்புத்தூர் முகங்களால் ஆனது. அந்த ஊர் ஆட்களைப் பாரிஸ் ஓவியரைவிட அவள் நன்றாக வரைய முடியும். ஊராட்சி அலுவலகத்தில் மனு வாங்குகிறவர், ரேஷன் கடையில் எடை போடுகிறவர், தேர்தல் நேரத்தில் மட்டும் கும்பிட்டபடி வருகிறவர் என்று அவள் பார்த்து அளக்க வேண்டிய முகங்கள் எதிரிலேயே இருக்கின்றன.